இடது கண்ணில் ஒரு கிளை

யாழினியின் இடது கண்ணுக்கு மருந்து வைக்க இன்னும் ஐம்பது நிமிடங்கள் இருக்கின்றன. அதற்குள் எழுதத் தொடங்குகிறேன்.

நீச்சல் வகுப்பில் பழக்கமான ஒரு தாய் நேற்று தொலைபேசியில் அழைத்தார். "அண்ணே, என் மவனுக்கும் உங்க பொண்ணு மாதிரிதான் தோலு. லீவுல சுவிம்மிங் அனுப்பலாமா, வேணாமா? ஒரே வார்த்தையில சொல்லுங்க, போதும்." ஒரு வார்த்தையில் சொல்ல வரவில்லை. எழுதித் தருகிறேன் என்றேன். அவர் கேட்டது குளத்தைப் பற்றி. நான் எழுதப்போவது குளத்துக்குப் பின் வந்த நாட்களையும் எங்கள் மகளின் இடது கண்ணையும் பற்றி.

யாழினிக்கு எட்டு வயது. கிள்ளானில் தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். ஆறு மாதக் குழந்தையாக இருந்தபோதே அவளுக்கு எக்ஸிமா வந்துவிட்டது. கரப்பான் என்று நம் வீடுகளில் சொல்வது இதைத்தான். தோலால் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ள முடியாது. ஈரம் போனதும் வறண்டு வெடிக்கும், வெடித்த இடம் அரிக்கும், அரித்த இடத்தைச் சொறிந்தால் புண்ணாகும். புண் வழியாக வெளியில் இருப்பது எதுவும் உள்ளே போகலாம். கடைசி வாக்கியத்தைத் தோல் மருத்துவர் பல முறை சொல்லியிருந்தார். நான் அதைத் தூசி, வியர்வை, சோப்பு என்று புரிந்துகொண்டிருந்தேன்.

எனக்கு போர்ட் கிள்ளானில் ஒரு கிடங்கில் வேலை. உள்ளே வரும் கொள்கலன்களையும் வெளியே போகும் லோரிகளையும் பதிவு செய்வது. பிற்பகல் ஷிப்ட். மனைவி கௌரி பாலர் பள்ளி ஆசிரியை, பள்ளி விடுமுறையிலும் வேலை உண்டு, காலையில் கிளம்பிவிடுவாள். ஆகவே விடுமுறைக் காலைகளில் மகள் என் பொறுப்பு. வேலையில் இருக்கும் பழக்கம் வீட்டிலும் உண்டு. இருபது வருடங்களுக்கு மேலாக டைரி எழுதுகிறேன். மணி, அளவு, நடந்தது. கருத்து எழுதுவதில்லை.

இந்த வருடம் நீண்ட விடுமுறை நல்ல வெயிலில் வந்தது. வியர்த்தால் அவளுக்கு முழங்கை மடிப்பு எரியும். நீச்சல் கற்றுக்கொள்ள வேண்டும் என்று மூன்று வருடங்களாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். தோல் மருத்துவர் இந்த முறை சம்மதித்தார். குளத்தில் கிருமியைக் கொல்லப் போடும் குளோரின் தோலை வறட்டும், ஆனால் முன்னும் பின்னும் கவனித்தால் தாங்கும் என்றார். அவர் சொன்னதை அட்டையில் எழுதிக் குளியலறைக் கதவின் பின்னால் தொங்கவிட்டேன். குளத்துக்குப் போகும் முன் சாதாரணத் தண்ணீரில் நனைக்க வேண்டும். நீர் நிறையக் குடித்த தோல் குளத்து நீரைக் குறைவாகக் குடிக்கும். அதன் மேல் கெட்டியான கிரீம். தண்ணீரில் இருபத்தைந்து நிமிடங்கள், அதற்கு மேல் இல்லை. வெளியே வந்ததும் உடனே நல்ல தண்ணீரில் அலசல். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, ஈரம் காயும் முன் மறுபடி கிரீம். சிவந்திருக்கும் இடத்தில் மட்டும் ஸ்டீராய்ட் களிம்பு. எல்லாவற்றுக்கும் நேரம் குறித்தேன்.

அட்டையில் இல்லாத ஒன்றையும் செய்தேன். நீச்சல் கண்ணாடியின் உட்புறம் ஆவி படிந்து மங்காமல் இருக்க, அதில் ஒரு துளி எச்சில் தடவி அலசுவார்கள். பயிற்சியாளர் சொல்லிக் கொடுத்தார், குளத்தில் எல்லாரும் செய்தார்கள். யாழினி மட்டும் மாட்டேன் என்றாள்.

"ச்சீ. நீங்களே செஞ்சி குடுங்கப்பா."

"உன் எச்சிதானே, உனக்கென்ன ச்சீ?"

"என்னோடது பத்தாது. உங்களோடது கெட்டியா இருக்கும்லா, காப்பி குடிக்கிறீங்கல்ல."

நான் நாக்கின் நுனியால் தடவி, விரலால் தேய்த்து, குழாயில் ஒரு முறை காட்டி மாட்டிவிடுவேன். ஒன்பது காலைகள் அப்படி நடந்தன. அவளுடைய தோல் முன்பைவிட நன்றாகவே இருந்தது. ஏழாவது நாளில் மல்லாந்து மிதந்தாள். "அப்பா, காதுக்குள்ள யாரோ மூச்சு விடுறாங்க" என்று கத்தினாள். குளத்து ஓரத்தில் நின்றிருந்த பயிற்சியாளர் சிரித்தார்.

பத்தாம் நாள் காலை இடது கண்ணைச் சுற்றி ஒரு சிவப்பு வளையம் இருந்தது. 'கண்ணாடி விளிம்பு அழுத்தியிருக்கிறது' என்று எழுதினேன். அன்று குளத்துக்குப் போகவில்லை. மறுநாள் அந்த வளையத்தில் நான்கு கொப்புளங்கள். மதியம் காய்ச்சல் முப்பத்தெட்டரை. மாலைக்குள் கழுத்து, இரண்டு முழங்கை மடிப்புகள், வலது முழங்கால் பின்புறம்.

கௌரியின் மூத்த சகோதரி ராஜி அக்கா பிரிக்பீல்ட்ஸில் இருக்கிறார். தொலைபேசியில் கேட்டதும் கமூட்டர் ரயில் பிடித்து வந்துவிட்டார். வரும்போதே பூக்கடையில் வாங்கிய ஒரு கட்டு வேப்பிலை கையில் இருந்தது. அறைக்குள் போய் யாழினியின் கன்னத்தைத் தொடாமல் பார்த்தார். வெளியே வந்து செருப்பைக் கழற்றிய இடத்திலேயே நின்று கும்பிட்டார்.

"அம்மா வந்திருக்கா, தம்பி. வீட்டுல தாளிக்காதீங்க."

எனக்கு அது சரியாகவே பட்டது. யாழினிக்குச் சின்னம்மைத் தடுப்பூசி போடவில்லை. எனக்கும் எட்டு வயதில்தான் அம்மை வந்தது. கௌரிக்கும் சின்ன வயதில் வந்தது. காய்ச்சல், கொப்புளம், விடுமுறைக் கூட்டம். எல்லாம் பொருந்தியது. ராஜி அக்கா நடைமுறையைச் சொல்லச் சொல்ல, வழக்கம்போல எழுதிக்கொண்டேன். வாசலில் வேப்பிலை. வெளியாள் கூடாது. கறி மீன் கூடாது. மருந்து கூடாது, ஆஸ்பத்திரி கூடாது. கிரீம், களிம்பு எதுவும் கூடாது. அரித்தால் வேப்பங்கொழுந்தால் வருட வேண்டும். குளிக்கக் கூடாது. ஐந்தாம் நாள் மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீரைத் தலைக்கு ஊற்றிய பிறகே வாசல் தாண்டலாம். இதையும் ஓர் அட்டையில் எழுதினேன். குளியலறைக் கதவில் ஒரே ஆணிதான் இருந்தது. நீச்சல் அட்டையின் மேலேயே இதைத் தொங்கவிட்டேன்.

டைரியில் புதுப் பக்கம் திருப்பி, மேலே 'அம்மை' என்று தலைப்பிட்டு, கீழே கோடு போட்டேன்.

அந்த மூன்று நாட்களின் பதிவு இப்போதும் என்னிடம் இருக்கிறது. முதல் நாள்: 'கொப்புளங்கள் எல்லாம் ஒரே அளவு. நடுவில் ஊசியால் குத்தியதுபோல் குழி. கரப்பான் இருந்த இடங்களில் மட்டும். வயிற்றிலும் முதுகிலும் இல்லை.' இரண்டாம் நாள்: 'அரிக்கவில்லை, வலிக்கிறது என்கிறாள். உடைந்த இடம் வட்டமாக வெட்டி எடுத்ததுபோல் இருக்கிறது. காய்ச்சல் முப்பத்தொன்பது.' மூன்றாம் நாள்: 'கழுத்தில் நெறி கட்டியிருக்கிறது. இடது இமை வீக்கம். சிறுநீர் இரண்டு முறைதான்.'

சின்னம்மை வயிற்றிலும் முதுகிலும்தான் அதிகம் வரும். புதியதும் பழையதும் காய்ந்ததுமாகக் கலந்து இருக்கும். முக்கியமாக அரிக்கும். இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. நான் எழுதிய ஒரு வரிகூடத் தவறில்லை. தலைப்பு தவறு.

வேப்பிலையால் நான்தான் வருடினேன். மெதுவாகத்தான். ஒவ்வொரு முறையும் சில கொப்புளங்கள் உடைந்தன. உடைந்த நீர் இலையில் ஒட்டிக்கொள்ள, அதே இலையால் அடுத்த கையையும் வருடினேன். 'அம்மை இறங்குகிறது' என்றார் ராஜி அக்கா. நானும் அப்படியே எண்ணினேன்.

நான்காம் நாள் காலை பத்து மணி பத்து நிமிடம். சன்னல் திரை விலக்கியிருந்தது. வெயில் அவள் படுக்கையில் பாதி வரை வந்திருந்தது.

"அப்பா."

"சொல்லுடா."

"ஏன் இன்னும் விடியல?"

நான் சன்னலைப் பார்த்தேன். பிறகு அவளைப் பார்த்தேன். இரண்டு இமைகளும் மஞ்சள் நிறச் சீழால் ஒட்டியிருந்தன. அவள் கண்ணைத் திறந்திருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தாள்.

பஞ்சை வெந்நீரில் நனைத்து வலது கண்ணைத் திறந்தேன். இடது கண் திறக்கவில்லை. தொட்டதும் அவள் எழுப்பிய சத்தம் கேட்டுக் கௌரி ஓடிவந்தாள். பார்த்தாள். போய்க் கார் சாவியை எடுத்தாள்.

ராஜி அக்கா வாசலில் வழி மறித்தபடி நின்றார். "நாளைக்கு ஒரு நாள்தான்டி. தண்ணி ஊத்தாம தூக்கிட்டுப் போனா கோவப்படுவா."

"கோவப்படட்டும்" என்றாள் கௌரி. "என் மேல படட்டும். நகருக்கா."

அவர் நகர்ந்தார். நான் என்ன செய்தேன் என்பதையும் எழுத வேண்டும். டைரியை எடுத்துக்கொண்டேன். அதைத் தவிர வேறு எதையும் எடுக்கத் தோன்றவில்லை. கௌரிதான் துண்டையும் பிறப்புச் சான்றிதழையும் எடுத்தாள்.

அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் முகப்பில் இருந்தவர் யாழினியின் முகத்தைப் பார்த்ததும் எண் சீட்டுக் கொடுக்கவில்லை. எழுந்து நின்று, கதவைத் திறந்து, நேராக உள்ளே போகச் சொன்னார். அதுவரை எனக்கு இருந்த பயம் வேறு, அதற்குப் பின் வந்த பயம் வேறு. காத்திருக்கச் சொல்லமாட்டார்களா என்று மனம் ஏங்கியது. காத்திருக்கச் சொன்னால் பெரிதாக ஒன்றுமில்லை என்று பொருள்.

மருத்துவர் முப்பது வயது மதிக்கத்தக்க மலாய்ப் பெண். கையுறை போட்டு, விளக்கை இழுத்துக் கழுத்தையும் முழங்கையையும் பார்த்தார். எப்போது தொடங்கியது என்று கேட்டார். நான் டைரியைத் திறந்து, அவருக்குப் புரியும்படி மலாயில் மாற்றி மாற்றி வாசித்தேன். எல்லாம் ஒரே அளவு. நடுவில் குழி. கரப்பான் இருந்த இடங்களில் மட்டும். வலிக்கிறது.

அவர் எழுதுவதை நிறுத்தினார்.

"இதையெல்லாம் இன்றைக்குப் பார்த்தீர்களா, என்சிக்?"

"இல்லை, டாக்டர். மூன்று நாளுக்கு முன்னால்."

"இவ்வளவும் பார்த்துவிட்டு ஏன் வரவில்லை?"

நான் டைரியை மூடினேன்.

அவர் சொன்ன பெயர் எக்ஸிமா ஹெர்பெடிகம். பெரியவர்களுக்கு உதட்டோரம் கொப்புளம் வருமே, அதே கிருமி. ஆரோக்கியமான தோலில் அது உதட்டோடு நின்றுவிடும். எக்ஸிமா உள்ள தோலில் தடுக்க ஆளில்லாத வீடுபோல உள்ளே நுழைந்து பரவும். ரத்தத்தில் கலந்து மூளைக்கோ ஈரலுக்கோ போகலாம். கண்ணுக்குப் போனால் பார்வை கெடலாம். கொப்புளத்து நீரைப் பஞ்சுக் குச்சியால் எடுத்து ஆய்வுக்கு அனுப்பினார்கள். முடிவு வரும் வரை காத்திருக்காமல் நரம்பு வழியாக மருந்தைத் தொடங்கினார்கள். கிருமி பெருகுவதைத் தடுக்கும் அசைக்ளோவிர். எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏறும். புண்ணில் பாக்டீரியாவும் சேர்ந்திருந்ததால் வேறொரு மருந்தும்.

மாலையில் கண் மருத்துவர் வந்தார். கண்ணை மரத்துப்போகச் செய்து, ஆரஞ்சு நிறச் சாயம் ஒரு துளி விட்டு, அறை விளக்கை அணைத்து நீல ஒளியைப் பிடித்தார். காயம் இருக்கும் இடத்தில் அந்தச் சாயம் ஒட்டிக்கொண்டு பச்சையாக ஒளிரும். அவர் எடுத்த படத்தை எங்களுக்குக் காட்டினார். யாழினியின் கருவிழியின் மேல், நடுவுக்குச் சற்றுக் கீழே, சிறிய மரக்கிளை ஒன்று ஒளிர்ந்தது. மூன்று கவர்கள், ஒவ்வொன்றின் முனையிலும் மொட்டுபோல ஒரு புள்ளி. அழகாக இருந்தது என்று எழுதுவது சரியா எனத் தெரியவில்லை. ஆனால் அப்படித்தான் இருந்தது.

"கிருமி இப்படித்தான் தன் பாதையை வரையும்" என்றார் அவர். "இது ஆழமாகப் போனால் தழும்பாகும். நடுவில் தழும்பு வந்தால் அந்தக் கண்ணுக்கு எல்லாம் மங்கலாகத்தான் தெரியும்."

"ஆழமாப் போயிருக்கா, டாக்டர்?" என்று கௌரி கேட்டாள்.

"இன்றைக்குச் சொல்ல முடியாது."

அடுத்த எட்டு நாட்களும் இந்த ஒரு பதிலைத்தான் கேட்டோம்.

குழந்தைகள் பிரிவில் கண்ணாடிக் கதவு போட்ட தனி அறை. இரவில் தாய் மட்டுமே தங்கலாம். நான் வேலைக்கு விடுப்புப் போட்டு, நண்பகலும் மாலையும் பார்வை நேரத்தில் போவேன். மேலங்கி, கையுறை, முகக்கவசம். தினமும் ஒரு முறை மருந்துநீரில் நனைத்த துணியைப் புண்களின் மேல் வைத்துக் காய்ந்த பொருக்குகளை எடுப்பார்கள். அந்த நேரத்தில் கௌரி அவள் காலைப் பிடித்துக்கொள்வாள், நான் கையை. யாழினி முதல் இரண்டு நாட்கள் அலறினாள். மூன்றாம் நாள் அலறவில்லை, சுவரைப் பார்த்து மூச்சை எண்ணினாள். அலறியதே தேவலை என்று இருந்தது.

தாதி புஷ்பா கிள்ளான்காரர். எல்லாரும் மிசி என்றே கூப்பிட்டார்கள். கண்ணில் களிம்பு வைக்கும்போது அவர் பேச்சை நிறுத்தமாட்டார்.

"என்னடா இது, ஒத்தக் கண்ணுல பாக்குற. மிசிக்குக் கண்ணடிக்கிறியா?"

"இல்ல, மிசி. அது தொறக்க மாட்டேங்குது."

"அப்படித்தான் எல்லாப் பயலும் சொல்லுவான். மேல பாரு. ஃபேன எண்ணு, எத்தனை ரெக்கை?"

"மூணு. சுத்தும்போது ஒண்ணு."

"பாருங்க அங்கிள், பதில் சொல்ற வாயப் பாருங்க."

ராஜி அக்கா தினமும் பிரிக்பீல்ட்ஸிலிருந்து வந்தார். அறைக்குள் வரவில்லை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிற்பார். மன்னிப்புக் கேட்கவில்லை, யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. இரண்டாம் நாள் ஒரு பை கொண்டு வந்து என்னிடம் கொடுத்தார். அவருடைய பழைய பருத்திச் சேலைகளைக் கிழித்து ஓரம் தைத்த ஆறு தலையணை உறைகள். "புதுத் துணி முறுமுறுன்னு உறுத்தும் தம்பி. இது இருவது வருசம் தோச்ச சேல." மருத்துவமனை உறையின் மேல் அதைப் போட்டதும் யாழினி கன்னத்தை வைத்துப் பார்த்தாள். அன்று பகலில் இரண்டு மணி நேரம் தூங்கினாள்.

நான்காம் நாள் மருத்துவர் ஒரு கேள்வி கேட்டார். ஆய்வு முடிவு வந்துவிட்டது, அதே கிருமிதான். கடந்த இரண்டு வாரங்களில் வீட்டில் யாருக்காவது உதட்டில் கொப்புளம் வந்ததா? யாராவது முத்தம் கொடுத்தார்களா, ஒரே குவளையில் குடித்தார்களா?

"யாருக்கும் இல்ல டாக்டர்" என்றாள் கௌரி.

நான் வெளியே வந்தேன். கார் நிறுத்துமிடத்துக்குப் போய், காருக்குள் உட்கார்ந்து, டைரியைப் பின்னோக்கிப் புரட்டினேன். நீச்சல் தொடங்கிய நான்காம் நாள்: 'கீழுதட்டில் கொப்புளம். உடல் சூடு. இளநீர் குடிக்க வேண்டும்.' அதற்கு இரண்டு வரி கீழே, அதே நாள், காலை 8.05: 'கண்ணாடி துடைத்து மாட்டினேன்.' ஐந்தாம் நாள் 8.02. ஆறாம் நாள் 8.05.

மேலே போய் மருத்துவரிடம் சொன்னேன். கண்ணாடியின் ரப்பர் விளிம்பு உரசிய இடம், எக்ஸிமா தோல், எச்சில். அப்படி இருக்கலாம் என்றார். உதட்டில் எதுவும் இல்லாதவர்களின் எச்சிலில்கூடச் சில சமயம் இந்தக் கிருமி இருக்கும், ஆகவே எங்கிருந்து வந்தது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றும் சொன்னார். என் மேல் இரக்கப்பட்டுச் சொன்னது அது.

கௌரியிடம் நடைபாதையில் வைத்துச் சொன்னேன். அவள் என் உதட்டையே பார்த்தாள். அங்கே இப்போது ஒன்றும் இல்லை.

"எழுதி வச்சிருக்கீங்களா?"

"ம்."

"மணியும் போட்டிருக்கீங்களா?"

"போட்டிருக்கேன்."

"நல்லது" என்றாள். "எல்லாத்தையும் எழுதுங்க. பாக்க மட்டும் செய்யாதீங்க."

அன்று மாலை அவள் என்னோடு பேசவில்லை. ஆனால் பார்வை நேரம் முடிந்து நான் கிளம்பும்போது, தனக்கு வந்த மருத்துவமனைச் சாப்பாட்டில் முட்டையை எடுத்து ஒரு டப்பாவில் போட்டு என் கையில் கொடுத்தாள். முந்தைய நாள் நான் எதுவும் சாப்பிடவில்லை என்பதை அவள் எப்படியோ கண்டுபிடித்திருந்தாள்.

ஆறாம் நாள் புதிய கொப்புளங்கள் வருவது நின்றது. எட்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். தோல் ஆறிவிடும், சில இடங்களில் சிறு குழிகள் தங்கலாம் என்றார் மருத்துவர். கிருமி மட்டும் போகாது. நரம்புக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். காய்ச்சலிலோ வெயிலிலோ களைப்பிலோ மறுபடி எழுந்திருக்கலாம், எழாமலும் இருக்கலாம். எழுந்தால் தோலுக்கு வரலாம், அதே கண்ணுக்கும் வரலாம். ஆயுள் முழுவதும்.

தொலைபேசியில் கேட்ட அந்தத் தாய்க்கு நான் சொல்ல வேண்டியது இதுதான். குளத்துக்கு அனுப்புங்கள். அட்டையில் எழுதியதெல்லாம் வேலை செய்தது. கண்ணாடியைப் பிள்ளையே கழுவட்டும், மங்கினால் மங்கட்டும். உதட்டில் கொப்புளம் உள்ள யாரும், அப்பாவாகவே இருந்தாலும், அவன் முகத்துக்குக் கிட்டே போக வேண்டாம். எக்ஸிமா உள்ள பிள்ளைக்கு ஒரே அளவுக் கொப்புளங்கள் கூட்டமாக வந்து, அரிப்பைவிட வலி அதிகமாக இருந்தால், அதற்குப் பெயர் வைக்காதீர்கள். அன்றைக்கே தூக்கிக்கொண்டு போங்கள். வேப்பிலை வாசலில் இருக்கட்டும். அது யாருக்கும் கெடுதல் செய்யாது.

இனி கண்.

வீட்டுக்கு வந்து இரண்டு வாரம் கழித்துக் கண் பிரிவுக்குப் போனோம். கௌரிக்கு விடுப்பு கிடைக்கவில்லை, நானும் யாழினியும் மட்டும். பார்வை சோதிக்கும் அறையில் அவளை நாற்காலியில் உட்காரவைத்தார்கள். எதிர்ச் சுவரில் இருந்த திரையில் ஆங்கில எழுத்துகள், மேலே பெரிதாக, கீழே போகப் போகச் சிறிதாக, எட்டு வரிகள். முதலில் இடது கண்ணை மூடி வலது கண்ணால் வாசிக்கச் சொன்னார் அந்த இளைஞர். எட்டு வரியும் வாசித்தாள். நிதானமாக, ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை.

பிறகு வலது கண்ணை மூடினார்கள். நான் பக்கத்தில் நின்று, வரிக்கு ஒரு விரல் மடக்கினேன். ஒன்று, இரண்டு, மூன்று. நான்கு. அவள் நிறுத்தவில்லை. ஐந்து, ஆறு, ஏழு, எட்டு. இரண்டு கையும் மடங்கி, கட்டை விரல்கள் மட்டும் மிச்சமிருந்தன. சுவரில் சாய்ந்துகொண்டேன். கௌரிக்கு என்ன குறுஞ்செய்தி அனுப்புவது என்றுகூட மனதில் எழுதிவிட்டேன்.

அந்த இளைஞர் திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். கையிலிருந்த ஒரு பொத்தானை அழுத்தினார். திரையில் எழுத்துகள் மாறின.

"இதை வாசி" என்றார்.

முதல் வரி வாசித்தாள். இரண்டாவது வரி வாசித்தாள். மூன்றாவது வரியில் ஓர் எழுத்தைச் சொன்னாள், திருத்தினாள், மறுபடி திருத்தினாள். பிறகு வாயை மூடிக்கொண்டாள்.

"நிறையப் பிள்ளைகள் செய்வதுதான், அங்கிள்" என்றார் அவர் என்னிடம், தாழ்ந்த குரலில். "மனப்பாடம்."

மருத்துவர் நீல ஒளியில் பார்த்தார். கிளை இப்போது ஒளிரவில்லை, காயம் ஆறிவிட்டது, ஆனாலும் களிம்பைத் தொடரச் சொன்னார். கிளை இருந்த இடத்தில் மூச்சு பட்ட கண்ணாடிபோல ஒரு வெளுப்பு இருந்தது. மாதங்கள் போகப் போக மெலியலாம், மெலியாமலும் போகலாம். அதைவிட அவசரமானது வேறு என்றார். இந்த வயதில் ஒரு கண் மங்கினால் மூளை அதைக் கேட்பதை விட்டுவிடும், அந்தக் கண் சும்மா இருந்து பழகிவிடும். ஆகவே தினமும் இரண்டு மணி நேரம் நல்ல கண்ணை மூடி, மங்கிய கண்ணை வேலை வாங்க வேண்டும்.

காரில் அவளிடம் கேட்டேன். கோபமாகக் கேட்கவில்லை.

"ஏன்டா பொய் சொன்ன?"

சன்னல் பக்கம் திரும்பினாள்.

"நீங்க வெரல மடக்கிட்டே இருந்தீங்க" என்றாள். "பாதியில நிப்பாட்டினா பாவமா இருக்கும்னு."

வீட்டுக்கு வந்ததும் வலது கண்ணின் மேல் ஒட்டுத்துணியை ஒட்டினேன். விளிம்பில் தோல் சிவக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். அவள் அறைக்குள் நடந்து பார்த்தாள். நாற்காலி முனையைக் கையால் தடவி அடையாளம் கண்டாள். சன்னலைக் கண்டுபிடித்தாள். பிறகு என்னிடம் வந்து, என் கன்னங்களை இரண்டு கையாலும் பிடித்து, தன் முகத்தருகே இழுத்தாள். நான் வாயை இறுக மூடி, மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

"இப்ப என்ன தெரியுது? உண்மையச் சொல்லணும்."

"மூஞ்சி தெரியுது. மூக்கு தெரியுது." இன்னும் கிட்டே இழுத்தாள். "மீசையில வெள்ள முடி எல்லாம் காணோம்பா. எங்க போச்சு?"

"நல்லா தேடு" என்றேன்.

அவள் தேடத் தொடங்கினாள். நான் முகத்தை எடுக்கவில்லை.